பச்சைத் துண்டு கட்டிய நூல்

1893 ஜூலை 14, வெள்ளி

போன கிறிஸ்மஸுக்கு மிஷன் பங்களா மிஸ்ஸியம்மாள் இந்தத் தேதி போட்ட புத்தகத்தை எனக்குக் கொடுத்து, அன்றன்றைக்குச் செய்த பாவத்தை இதில் எழுதி வரச் சொன்னார். இரண்டாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து வருமா என்று அவருக்குச் சந்தேகம். எழுத்து வருகிறது. பாவம்தான் வரமாட்டேன் என்கிறது. எனக்கு ஆகிற பாவம் ஒரு வரியில் முடிந்துவிடும். மீதிக் காகிதத்தை வீணாக்குவானேன் என்று ஊர்க்கதையை எழுதுகிறேன்.

இன்று பெரிய வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் பேர் போன வக்கீல் பிரமநாயகம் பிள்ளை வீட்டில் ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். பெண் மதராஸ். அந்த ஊர்ப் பெண்கள் இப்போது வெள்ளைக்காரிகளைப் பார்த்து, தோளில் பூசணிக்காய் மாதிரி உப்பின கை வைத்த ரவிக்கை போடுகிறார்களாம். சேலைக்கு உள்ளே பாவாடை வேறு. நம் வக்கீல் வீட்டுப் பெண்கள் இன்றுவரை சேலையைச் சுற்றித் தோளை மூடிக்கொள்வதோடு சரி. தைத்த துணி உடம்பில் பட்டதில்லை. சம்பந்தி முன்னால் அப்படி நிற்க விடமாட்டேன் என்று வக்கீலய்யா சொல்லிவிட்டார். ஏழு பெண்களுக்கு ரவிக்கை.

ஆம்பிளைத் தையல்காரர் பெண்களுக்கு அளவெடுக்க முடியாது. பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். பிறந்ததிலிருந்து ரவிக்கையே போடாதவர்கள் பழையதற்கு எங்கே போவார்கள்? அதற்குத்தான் நான். என் வீட்டுக்காரர் மாசில்லாமணி மிஷினில் உட்கார்ந்திருப்பார். நான் நூலோடு வீடு வீடாகப் போவேன். மார்புக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒன்று, கை நீளம், கைச் சுற்று, கழுத்து. ஐந்து முடிச்சில் ஒரு பொம்பளை அடங்கிவிடுவாள், வாயைத் தவிர.

பிள்ளை வீட்டுப் பெண்களின் பெயர் தையல்கடையில் அடிபடக் கூடாதாம். ஆகவே நூலின் தலையில் ஆளுக்கொரு நிறத்தில் துணித்துண்டு கட்டிவிடுவேன். கடைச் சுவரில் ஆளுக்கொரு ஆணி. பதினோரு வருஷத்தில் ஒரு நூல் மாறியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஜூலை 18, செவ்வாய்

பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளாகப் பார்த்துத்தான் என்னை வரச் சொன்னார்கள். நான் வேதக்காரி, ஏசுசாமியைக் கும்பிடுகிறவள். என் கை பட்டால் குளிக்க வேண்டும். எப்படியும் குளிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் தொட்டால் தீட்டு செலவில்லாமல் கழிந்துவிடும். யோசனை வக்கீலய்யாவின் மனைவி ஆவுடையம்மாளுடையது. அந்த அம்மாளே கோர்ட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆவுடையம்மாளுக்கு என் வயசு, நாற்பத்தைந்து இருக்கும். நல்ல வாட்டசாட்டம். நூலைச் சுற்றும்போது கோழி பிடிக்கிற மாதிரி இருந்தது, அப்படி நெளிந்தார். இதைப் போட்டால் மூச்சு முட்டாதா என்று கேட்டார். மதராஸ் சம்பந்தியம்மாள் போட்டுக்கொண்டு உயிரோடுதானே இருக்கிறாள் என்றேன். "அவ இருக்கதுதானட்டி எனக்குக் கவல" என்றார். பச்சைத் துண்டு அவருக்கு.

ஏழு நூல் முடிந்தது. வீட்டில் எட்டாவது ஆள் ஒருத்தி உண்டு. வக்கீலய்யாவின் தங்கை வடிவு. பதின்மூன்று வயசில் தாலி அறுத்தவள், இப்போது முப்பத்திரண்டு. வெள்ளைச் சேலையும் பின்கட்டும்தான் அவள் உலகம். அண்ணன் சின்ன வயசில் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மத்தியானம் வீட்டுப் பெண்களுக்கு அவள் புராணம் வாசித்தால் பக்கத்து வீட்டு அம்மியும் நின்றுவிடும். விதவை ரவிக்கை போடுவது இந்த ஊரில் இல்லாத வழக்கம். ஆகவே எட்டு ஆள், ஏழு நூல். அவள் கதவோரம் நின்று என் முடிச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 21, வெள்ளி

ஆவுடையம்மாளுக்கு மாதிரிக்கு ஒன்று தைத்துக் கொண்டுபோனேன். பச்சை ரவிக்கைக்கு வீட்டுக்காரர் கறுப்புக் கரை வைத்துத் தொலைத்திருக்கிறார். கல்யாண வீட்டில் கறுப்பா என்று எனக்கே பகீரென்றது. மாற்றித் தைத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். ஆவுடையம்மாள் தரவில்லை. "கல்யாண வீட்டுக்குள்ள வந்த புதுத்துணி வாசலத் தாண்டித் திரும்பிப் போவக் கூடாதுட்டி. போனா லெட்சுமியும் கூடப் போயிருவா. கறுப்போ செவப்போ, வந்தது வந்ததுதான்." வக்கீலய்யாவும் உள்ளேயிருந்து ஆமாம் என்றார். அத்தனை சட்டப் புத்தகம் படித்தவருக்கும் இந்தச் சட்டத்துக்கு அப்பீல் இல்லை.

போட்டுப் பார்த்தார். கையைத் தூக்கினால் இறக்கத் தெரியவில்லை, இறக்கினால் தூக்கத் தெரியவில்லை. அரிக்கிறது என்றார். கழற்றட்டுமா என்றேன், சற்றுப் போகட்டும் என்றார். நான் புறப்படும்போது கண்ணாடி முன்னால் மூன்றாவது தடவையாக நின்றுகொண்டிருந்தார்.

ஜூலை 28, வெள்ளி

பிள்ளை வீட்டுக் கிணற்றடியில் நின்றேன். ஆவுடையம்மாள் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். வடிவு வந்து, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அச்சடித்த காகிதம் ஒன்றை எடுத்து மெதுவாக வாசித்தாள். மேலத்தெருவில் ஊர்ப் பெரியவர்கள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதற்கு ஓர் உபாத்தியாயினி வேண்டுமாம். சைவக் குடும்பமாக இருக்க வேண்டும், பிழையில்லாமல் வாசிக்க வேண்டும், மரியாதையாக ரவிக்கை அணிந்து வர வேண்டும். மூன்று மாசமாக ஆள் அகப்படவில்லை. செப்டம்பர் நாலாம் தேதிக்குள் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். காகிதத்தின் அடியில் கையெழுத்து அவள் அண்ணன் பிரமநாயகம் பிள்ளையுடையதுதான்.

"மத்த ரெண்டும் எங்கிட்ட இருக்கு. மூணாவதுதான் இல்ல. எனக்கு ஒண்ணு தைக்க முடியுமா?" என்றாள்.

நான் எப்போதும் எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பேன். அதை அப்படியே வைத்துவிட்டேன். நூலை எடுத்தேன். பத்தொன்பது வருஷமாக அவளைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொட்டதில்லை போலிருக்கிறது, தோளில் கை வைத்ததும் மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து முடிச்சு. முடித்ததும் இனிக் குளித்துவிடு என்று நானே சொன்னேன். அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள்.

குளிக்கவில்லை. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 29, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் பயம் கொஞ்சம் அளவுக்கு மேல் விட்டுத் தைத்த மனுஷன். "வக்கீலய்யா காதுல விழுந்தா கடைய மூடிட்டு நாம போக வேண்டியதுதான். அறுத்த பொம்பளைக்கு ரவிக்கை தச்சான்னு ஊர் நம்மளச் சும்மா விடுமா? என் கையால அத வெட்ட மாட்டேன், பேரின்பம்." நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

இன்றைய பாவம்: வீட்டுக்காரருக்கு ஊற்றிய குழம்பில் உப்புப் போடவில்லை. மறதி.

ஜூலை 30, ஞாயிறு

வேதக்கோயில் முடிந்து வந்து பெட்டியை வெயிலில் வைத்தேன். அடியில் அம்மாவின் குப்பாயம் இருக்கிறது. எனக்குப் பத்து வயசில் நாகர்கோவில் பக்கமிருந்து இங்கே ஓடி வந்தபோது கொண்டுவந்தது. அந்தக் காலத்து ரவிக்கை, தொளதொளவென்று கோணி மாதிரி இருக்கும். இடது தோளில் பெரிய கிழிசல். தையல்கார வீட்டில் இதைத் தைக்காமல் வைத்திருக்கிறாயே என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். முள் கிழித்தது, தைத்தாலும் நிற்காது என்பேன்.

மடித்து வைத்துவிட்டேன். அரிசி புடைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கடையைப் பெருக்கும்போது ஒரு சின்னக் குழறுபடி நடந்துவிட்டது. பச்சைத் துண்டு எப்படியோ வேறொரு நூலின் தலையில் போய்க் கட்டிக்கொண்டுவிட்டது. ஆவுடையம்மாளின் நூலை எலி இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், காணவில்லை. எலித்தொல்லை அதிகம்.

ஆவுடையம்மாளுக்கு இன்னொரு ரவிக்கை வேண்டுமாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெள்ளை லாங்கிளாத் துணி, முழங்கை வரை கை, கரையும் வேண்டாம் பூசணிக்காயும் வேண்டாம். நூலை ஆணியிலிருந்து எடுத்து முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்தார். பழைய கணக்குக்கு நாலு விரற்கடை குறைகிறதே, அம்மாளுக்கு ஏதும் சீக்கா என்றார். கல்யாணக் கவலை, ஆள் துரும்பாக இளைத்துவிட்டார் என்றேன். என்னைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். பாவம், நம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இன்று கோயிலில் செபவேளையில் வீட்டுக்காரர் எழுந்து, இந்த ஊரில் ஓர் அம்மாளுக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சபை முழுக்க ஆவுடையம்மாளின் இளைப்புக்காகக் கண்ணை மூடிக்கொண்டது. நான் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டேன். ஆமென் மட்டும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வெள்ளை தைத்தாகிவிட்டது. மற்ற ஏழில் நாலு பாக்கி. பூசணிக்காய்க் கைக்குத் துணி போதவில்லை, ஒரு கைக்குப் போகிற துணியில் ஒரு பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கிணற்றடியில் வடிவு கேட்டாள், உங்கள் ஆட்கள் எப்போதுமே ரவிக்கை போட்டிருந்தார்களா என்று. சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் கண் விடுகிற கண்ணாக இல்லை. சொல்லிவிட்டேன்.

அம்மாவின் குப்பாயத்தைக் கிழித்தது முள் இல்லை. சந்தையில் முள் ஏது? எங்கள் சாதிப் பெண்கள் தோளை மூடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். உங்களுக்கெல்லாம் குப்பாயம் ஒரு கேடா என்று மூன்று ஆம்பிளைகள் அம்மாவின் தோளில் கை வைத்து இழுத்தார்கள். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கிழிந்த தோளை ஒரு கையால் பொத்திக்கொண்டு, பாதி வாங்கியிருந்த தேங்காயை முழுக்க வாங்கி, தட்டிப் பார்த்து, அதில் ஒன்று அழுகல் என்று மாற்றி எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். ஓடவில்லை. இதை என் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

வடிவு வாளியைக் கிணற்றில் இறக்கினாள். பிறகு, தேங்காய் எத்தனை என்று கேட்டாள். ஆறு என்றேன். எதற்குக் கேட்டாளோ, ஆனால் சரியான கேள்வி அது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

இன்று மீதி ரவிக்கையெல்லாம் மூட்டையாகக் கொண்டுபோய்ப் பிள்ளை வீட்டு முற்றத்தில் வைத்தேன். வக்கீலய்யா எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார். வேட்டி நுனியை மடித்துக் குந்தி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆறு வண்ணத்தில் ஆறு. கடைசியில் வெள்ளை. தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார். யாருக்கு என்றார். பச்சைத் துண்டு, அம்மாவுக்கு என்றேன்.

ஆவுடையம்மாள் ஒன்றும் புரியாமல் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். முழங்கைக்கு மேல் ஏறவில்லை என்று தூக்கிப் பிடித்தபடி வந்தார். நான் தலையில் கை வைத்தேன். "ஐயையோ, நூல் மாறிப் போச்சு போலிருக்கே அம்மா. குடுங்க, திருப்பிக் கொண்டுட்டுப் போயிருதேன்" என்று கையை நீட்டினேன். நீட்டின கை என் கைதான், ஆனால் அவ்வளவு மெதுவாக நான் எதற்கும் கை நீட்டினதில்லை.

"எடுக்காத. கல்யாண வீடு" என்றார் ஆவுடையம்மாள்.

ரவிக்கையைப் பார்த்தார், வெள்ளை. கரை இல்லை. பின்கட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குளிக்கப் போகும் முன் அளவெடுக்கச் சொன்ன மூளை அல்லவா அது. நான் கிணற்றுப் பக்கம் காக்கை பார்த்தேன்.

"எங்க ஏழு பேருக்கும் இது சேராது. வெளியவும் போவக் கூடாது. சேருத ஆளு ஒண்ணுதான் இருக்கு. வடிவு, இங்க வாம்மா."

வக்கீலய்யா எழுந்துவிட்டார். "என்ன பேசுத ஆவுட? அவளுக்கு எதுக்கு ரவிக்கை?"

வடிவு வந்து நின்றாள். கையில் அந்தக் காகிதம். புராணம் வாசிக்கிற அதே குரலில், ஓர் எழுத்துத் தடுமாறாமல் மேலிருந்து கீழ் வரை வாசித்தாள், அண்ணன் பெயர் வரை. பிறகு மடித்தாள்.

"மூணு மாசமா ஊரெல்லாம் தேடுதிய அண்ணாச்சி. பின்கட்டுல மட்டும் தேடலையே."

வக்கீலய்யா பொடி டப்பாவைத் திறந்தார், போடாமலே மூடினார். ஊர் என்ன சொல்லும் என்றார், யாரிடமும் இல்லாமல்.

"ஊரு இந்த ஏழு ரவிக்கையப் பத்தியே ஒரு மாசம் பேசும். எட்டாவதுக்கு அதுக்கு மூச்சு இருக்காது" என்றார் ஆவுடையம்மாள்.

வக்கீலய்யா என் பக்கம் திரும்பினார். பதினோரு வருஷமாக மாறாத நூல் எப்படி மாறிற்று என்று சாட்சிக் கூண்டில் கேட்கிற மாதிரி கேட்டார். எலி என்றேன். எலி பச்சைத் துண்டை அவிழ்த்து இன்னொரு நூலில் கட்டுமா என்றார். பாளையங்கோட்டை எலி எல்லாம் செய்யும் ஐயா என்றேன். அவர் மீசை அசைந்தது, சிரிப்பா கோபமா தெரியவில்லை. "கல்யாணம் முடியட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆகட்டும் என்று அர்த்தமா, ஆகாது என்று அர்த்தமா? வக்கீல் பேச்சு.

வெள்ளை ரவிக்கை பெட்டிக்குள் போயிற்று. சாவி ஆவுடையம்மாள் இடுப்பில்.

ஆகஸ்ட் 24, வியாழன்

கல்யாணம். தெருவில் நின்று பார்த்தேன். மதராஸ் சம்பந்தியம்மாளின் பூசணிக்காய்க் கை நிலைப்படியில் இடித்தது. நம் ஆவுடையம்மாள் ஆரத்தித் தட்டைத் தூக்கினபோது கையைத் தூக்கவும் இறக்கவும் அழகாகத் தெரிந்தது. கறுப்புக் கரை ரவிக்கையைத்தான் போட்டிருந்தார். இதுதான் மதராஸில் இப்போது புதுசா என்று சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி அவரையே கேட்டாளாம். ஆமாம் என்றிருக்கிறார்.

வடிவைக் காணவில்லை. பின்கட்டில்தான் இருந்திருப்பாள்.

ஆகஸ்ட் 30, புதன்

சேதி இல்லை. வீட்டுக்காரர் இன்று நாலு தடவை எழுந்துபோய் வாசலைப் பார்த்தார். அவருக்கு என்ன அங்கே?

செப்டம்பர் 2, சனி

சேதி இல்லை. மிஷின் ஊசி ஒடிந்தது. நான் யாரையும் கேலி செய்யவில்லை என்று பக்கத்து வீட்டில் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள், காய்ச்சலா என்று.

செப்டம்பர் 4, திங்கள்

காலையில் மேலத்தெருவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆகவே ஒரு நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூட வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள், சிலேட்டும் மூக்குச்சளியுமாக. கதவு பூட்டித்தான் இருந்தது.

வில்வண்டி ஒன்று வந்து நின்றது. முதலில் இறங்கியது வக்கீலய்யா. மடியிலிருந்து சாவியை எடுத்து அவரே பூட்டைத் திறந்தார். பிறகு வண்டியின் திரையை ஒதுக்கிப் பிடித்தார். வடிவு இறங்கினாள். வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, தோளில் ஒரு சுருக்கம் இல்லை. எதிர்வீட்டு மாடியில் இரண்டு ஆம்பிளைகள் ஏதோ சொன்னார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓடவில்லை. நடையிலும் வேகம் கூட்டவில்லை.

என்னைக் கண்டதும் நேரே வந்தாள். "யக்கா, இந்தப் பை ஒங்க யோசனையா?" என்று இடுப்புப் பக்கம் காட்டினாள். தையலோடு தையலாக ஒரு சின்னப் பை, சேலை மடிப்பில் வெளியே தெரியாதபடி. சாக்கட்டி இரண்டு வைக்கிற அளவு. வைத்தும் இருந்தாள்.

நான் பை வைக்கச் சொல்லவில்லை. ஆவுடையம்மாளுக்குச் சாக்கட்டிப் பை எதற்கு?

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். சுவரில் எட்டாவதாக ஒரு புது ஆணி. எலி இழுத்துப் போனதாகச் சொன்ன ஆவுடையம்மாள் நூல் தன் ஆணியில் பச்சைத் துண்டோடு தொங்குகிறது. அதை நான்தான் என் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். புது ஆணியில் வடிவின் நூல், அதன் தலையில் ஒரு வெள்ளைத் துண்டு.

எப்போது தெரியும் என்றேன்.

"நீ எப்பவும் ரெட்டை முடிச்சுப் போட்டுத்தான் துண்டு கட்டுவ. அன்னைக்கு ஒத்தை முடிச்சு, அவசரத்துல போட்டது" என்றார் மிஷினை நிறுத்தாமல்.

வெட்ட மாட்டேன் என்றீர்களே, பயமில்லையா என்றேன். பயம்தான், அதனால்தான் தெரியாத மாதிரியே இருந்தேன் என்றார். அப்படியானால் கோயிலில் ஆவுடையம்மாளுக்காக எல்லாரையும் செபம் பண்ண வைத்தது?

"ஆவுடையம்மாளுக்குன்னு நான் எப்பச் சொன்னேன்? ஒரு அம்மாளுக்குன்னுதான் சொன்னேன்."

இத்தனை வருஷமாக இந்த மனுஷனைக் கேலி செய்துகொண்டிருப்பது நான்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்றைய பாவம்: வீட்டுக்காரர் சோற்றில் நெய்யை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டேன். மறதி.